மெகாஹெர்ட்ஸில் ஒரு கொசுறு

நான் பாகங்களைப் பூட்டும் அசெம்பிளராகச் சேர்ந்த கம்ப்யூட்டர் கடையின் முதலாளி, அதற்கு முன்பு ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டி வைத்திருந்தவர். இனிமேல் கம்ப்யூட்டர்தான் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியைப் பிடித்துக் கடை போட்டுவிட்டார். மதர்போர்டு வேறு, கீபோர்டு வேறு என்று தெரியும், அதோடு சரி. முதல் நாள் எனக்கு அவர் கற்றுக்கொடுத்த தொழில் இது ஒன்றுதான்:

"அம்மிணி, எடை போட்டு முடிச்ச பொறவு ஒரு கை அள்ளிப் போடோணும். அந்தக் கொசுறுக்குத்தான் ஆளுக மறுக்கா வருவாங்க."

கம்ப்யூட்டரில் எதை அள்ளிப் போடுவது என்று நான் கேட்கவில்லை. மவுஸ் பேடு, தூசிக்கு ஒரு துணிக் கவர் என்று கொஞ்ச காலம் ஓடியது. பிறகு நான் ஓவர்கிளாக் கற்றுக்கொண்டேன், பிராசசரைக் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டும் வித்தை அது. சும்மா இருந்திருக்கலாம்.

1. பிராசசரில் குறை, போர்டில் கூட்டு

ரெண்டாயிரத்தை ஒட்டிய ஒரு வருடம். பேகம்பூர் சிக்கந்தர் பாய் கடைக்கு வந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர். அதுவரை கேசட் கொடுத்து வந்தார். இப்போது எல்லா வீட்டிலும் சிடி கேட்கிறார்கள்.

"தங்கச்சி, மாப்புள்ள அடுத்த வெள்ளிக்கிழம சவுதிக்கு ஏறுறாரு. அதுக்குள்ள சிடிய அவரு கைல குடுக்கணும். அவங்க வீட்டுல இன்னும் ரெண்டு நிக்கா இருக்கு. இது சொதப்புச்சுன்னா ரெண்டும் போச்சு. கேமராவ வித்துட்டு பிரியாணிக் கடையில எல எடுக்கத்தேன் போகணும்."

வீடியோ வேலைக்கு வேகம் வேண்டும். அவர் கொண்டுவந்த பணத்துக்கு மிஞ்சிப்போனால் 633 மெகாஹெர்ட்ஸ் செலிரான் பிராசசர்தான் வரும். அதில் ஒரு கல்யாணத்தை சிடியாக மாற்றுவதற்குள் மாப்பிள்ளை சவுதியில் ஒரு மாதச் சம்பளமே வாங்கிவிடுவார்.

முதலாளி வழக்கம்போல எல்லாம் சேர்ந்து வரும் மலிவான மதர்போர்டை எடுத்து நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். பிராசசரும் 633 வேண்டாம், அதைவிட மலிவான 566 போதும் என்றேன். காரணம் எளிது. போர்டு 66 மெகாஹெர்ட்ஸில் ஒரு தாளம் போடுகிறது. பிராசசர் அதை எட்டரை மடங்காக்கி ஓடுகிறது. அந்த எட்டரையை மாற்ற முடியாது, கம்பெனியிலேயே பூட்டிவிடுவார்கள். தாளத்தை மாற்றலாம். 66-ஐ 100 ஆக்கினால் அதே பிராசசர் 850-இல் ஓடும். ஆனால் மலிவான போர்டில் 66-ஐத் தவிர வேறு தாளம் கிடையாது. பயாஸில், அதாவது மிஷின் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங் திரையில், தாளத்தை மாற்ற வழி விடும் போர்டு கொஞ்சம் கூடுதல் விலை.

"பாய், பிராசசர்ல குறைச்சுக்கங்க, போர்டுல கூட்டிக்கங்க. மிச்சத்துக்கு ஒரு நல்ல ஃபேன்."

அரை மனதாக ஒத்துக்கொண்டார். நான் பூட்டி, 100-இல் வைத்து, நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன். அசையாமல் ஓடியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் பாயைக் கூப்பிட்டு, மிஷினை ஆன் செய்தவுடன் திரையில் வருகிற 850-ஐக் காட்டினேன்.

2. கொசுறுக்குக் கொசுறு

பாய் அந்த எண்ணைப் பார்த்தார். அடுத்து முதலாளியைப் பார்த்தார்.

"சரிண்ணே. இது தங்கச்சி கைவேல. நீங்க என்ன போட்டுத் தாரீங்க?"

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏம் அம்மிணி, தொள்ளாயிரம் ஆக்கிக் குடு."

"ஆகாதுண்ணே. நூறுல வச்சாத்தான் ஹார்டு டிஸ்க்கு, கார்டு எல்லாம் அது அது கணக்குல ஓடும். அதுக்கு மேல ஏத்துனா எல்லாத்தையும் சேத்து இழுக்கும். எங்கயாவது புட்டுக்கும்."

"ஒரு அம்பதுக்கு என்ன புட்டுக்கும்? கேட்ட மனுசன வெறுங்கையோட அனுப்பறதுங்களா?"

சம்பளம் கொடுப்பவர் அவர். 105 வைத்தேன். திரையில் 892 வந்தது. முதலாளி, "கிட்டத்தட்ட தொள்ளாயிரமுங்க" என்று சொல்லி மிஷினை ஆட்டோவில் ஏற்றினார். திரையில் எண் வந்ததுதான் அவர்கள் இருவருக்கும் டெஸ்ட்.

3. வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலையில் பாயிடமிருந்து போன். சிடியாக மாற்றும் வேலை பாதியில் நின்றுவிடுகிறதாம், முந்தின நாளிலிருந்து இதே கதையாம். மூன்று மணிக்குத் திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் கிளம்புகிறது.

பாயின் ஸ்டுடியோவுக்குப் போனபோது மாப்பிள்ளையின் அம்மா அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். பாயின் முகத்தில் ஈயாடவில்லை.

"பாய், நூத்தஞ்ச நூறாக்குறேன். எல்லாம் சரியாயிரும்."

"அப்ப வேகம்?"

"எட்டு நூத்தம்பது."

பாய் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "தங்கச்சி, மொதலாளி போட்டுக் குடுத்தத நீ எடுக்கலாமா? பையில விழுந்த கொசுற யாராச்சும் திருப்பி எடுப்பாகளா? வேற ஏதாவது பண்ணும்மா."

எனக்கு வந்ததே கோபம். மூன்று மணிக்கு வேன், உள்ளே மாப்பிள்ளையின் அம்மா, இந்த மனிதர் நாற்பது மெகாஹெர்ட்ஸுக்குப் பேரம் பேசுகிறார்.

"பாய், இப்ப உங்களுக்கு நம்பர் வேணுமா, சிடி வேணுமா?"

அதற்கும் அவர் செத்த நேரம் யோசித்தார். சத்தியமாக யோசித்தார். பிறகு, "சிடி" என்றார்.

100-இல் வைத்து வேலையை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். 566-இல் விட்டால் வேன் கிளம்புவதற்குள் முடியாது. 892-இல் விட்டால் முடியவே முடியாது. திரையில் நீலக் கோடு நகர்வதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வழக்கமாக நிற்கும் இடத்தை அது தாண்டியபோது பாய் வாய்க்குள் ஏதோ ஓதினார். நானும் மாதாவை வேண்டிக்கொண்டேன். சிடி எழுதி முடிந்து வெளியே வந்தபோது வேன்காரர் வாசலில் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா சிடியை வாங்கி முந்தானையில் துடைத்து, "அந்த ரெண்டு நிக்காவுக்கும் நீங்களே வந்துருங்க பாய்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

4. திங்கட்கிழமை

பாய் கடைக்கு அல்வாவோடு வந்தார். முதலாளிக்கு ஒரு துண்டு, எனக்கு ரெண்டு. ரெண்டு நிக்காவுக்கும் அட்வான்ஸ் வாங்கிவிட்ட சேதியைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாஞ் சரிண்ணே. ஆனா நாப்பது கொறையுது."

566-க்குப் பணம் கொடுத்து 850 வாங்கிப் போனவர் சொல்கிறார். முதலாளி அதிர்ந்துபோனார். "பாத்தியா அம்மிணி, போட்டத எடுத்தா இப்பிடித்தான் கேப்பாங்க" என்று என்னைக் கடிந்துவிட்டு, நாற்பதுக்கு ஈடாக ஒரு ஹெட்போனை எடுத்துக் கொடுத்தார்.

புதிதாக ஓவர்கிளாக் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சின்ன பிராசசர் வாங்கு. போர்டில் கஞ்சத்தனம் பார்க்காதே. ஃபேன் நல்லதாகப் போடு. எல்லாப் பாகமும் சேர்ந்து நிம்மதியாக ஓடும் இடத்தில் நிறுத்திக்கொள். இதையெல்லாம் எந்த இன்ஜினியரும் சொல்லித் தருவார். அவர்கள் சொல்லாத ஒன்று உண்டு: பயாஸில், வேகம் காட்டும் முதல் திரையை மறைத்து, அங்கே போர்டு கம்பெனியின் படத்தை வரவைக்க ஒரு செட்டிங் இருக்கும். டெலிவரிக்கு முன் அதைப் போட்டுவிடு.

பாய் அடுத்த வருடம் ரெண்டாவது மிஷின் வாங்கியபோது அதைத்தான் செய்தேன். ஆன் செய்ததும் திரை நிறைய நீல வானமும் ஒரு பருந்தும் வந்தன. பாய் கன்னத்தில் கைவைத்துப் பார்த்தார்.

"இது முன்னதவிட வேகம்மா. பாத்தாலே தெரியுது."