ஓரத்துத் துளைகள்

நான் இயந்திரவியல் படித்து முடித்துக் காரைக்குடிக்குத் திரும்பியிருந்தபோது, பக்கத்துத் தெருப் பெரிய வீட்டு ஆச்சி, அங்கிருந்த தானாக வாசிக்கும் பியானோவைப் பார்க்க அழைத்தார். பங்காளிகள் அனைவருக்கும் பொதுவான அந்த வீட்டில் குடியிருப்பவர் அவர் ஒருவரே. மறுநாள் முன்னோருக்குப் படைப்பு. எல்லாரும் கூடும்போது பியானோ ஒழுங்காக இசைக்காவிட்டால் விற்றுவிடுவதாகப் பேச்சு.

"சாயங்காலம் அது வாசிச்சா வீட்டுல இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும் தம்பி. இப்ப எல்லாத்தையும் ஒரே மாதிரி தட்டுது," என்றார்.

உள்ளே ஒரு மோட்டார் காற்றை உறிஞ்சுகிறது. துளையிட்ட காகிதச் சுருள் ஒரு பித்தளைப் பட்டையின் மேல் நகர்கிறது. எந்தச் சுரத்துக்கான துளை வருகிறதோ, அதற்குரிய சுத்தியல் கம்பியை அடிக்கிறது. உறிஞ்சும் விசை கூடினால் அடி வேகமாகும், ஒலி உயரும். அந்த விசையைக் கூட்டிக் குறைக்கும் கட்டளைகள் காகிதத்தின் இரு ஓரங்களிலும் உள்ள துளைகள்: இடது ஓரம் கீழ்ச்சுரங்களுக்கு, வலது ஓரம் மேல்சுரங்களுக்கு. வாசித்த கலைஞரின் மென்மையும் அழுத்தமும் அங்கேதான் பதிந்திருக்கின்றன.

அந்த ஓரங்கள் முழுவதும் மெல்லிய தாள் ஒட்டப்பட்டிருந்தது.

"யாரு ஆச்சி ஒட்டுனீக?"

"நான்தான். படைப்புக்கு வீட்டை ஒழுங்கு பண்றப்ப பாத்தேன். பூச்சி அரிச்சிருக்குன்னு மைதாப் பசை காய்ச்சி ஒட்டிட்டேன்."

இருந்ததோ அந்த ஒரே சுருள். அப்படியே விட்டால், வெறும் இரைச்சல் என்று விற்றுவிடுவார்கள். ஒட்டிய தாளைப் பிரிக்கும்போது சுருள் கிழிந்தால், நாளை எதுவுமே ஒலிக்காது. பழியும் ஆச்சி மேல் விழும். இரண்டையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

"ஒரு ஓரத்த மட்டும் எடுத்துப் பாருங்க," என்றார்.

ஈரப் பஞ்சால் ஒற்றி இடது ஓரத்துத் தாளைப் பிரித்தோம். வலது ஓரத்தில் கை வைத்ததும் காகிதம் நைந்தது, நிறுத்திவிட்டோம்.

மறுநாள் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட்டபின் பியானோ இசைத்தது. கீழ்ச்சுரங்கள் தணிந்தும் எழுந்தும் வந்தன. மேல்சுரங்கள் ஒரே சத்தமாக இருந்தன.

மூத்த பங்காளி சுருளின் வலது ஓரத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துச் சிரித்தார். "இடப்பக்கம் பதமாப் பேசுது, வலப்பக்கம் நம்ம பங்காளிக கூட்டம் மாதிரி கத்துது. அங்குட்டு யாரு ஒட்டுனது?"

"வீட்டைப் பாத்துக்கிறவதான். வருஷத்துக்கு ஒருநா வந்துட்டுப் போறவுகளா ஒட்டுவாக?" என்றார் ஆச்சி.

கூடம் முழுவதும் சிரித்தது. அன்று விற்பனைப் பேச்சை எவரும் எடுக்கவில்லை. வலது ஓரத்தை நாங்கள் இன்றுவரை தொடவில்லை.