திறக்காமல் விட்ட பெட்டி

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அந்த மனிதருக்குக் கடைத்தெரு வைத்த பெயர் ‘திறப்புவிழா’. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி புதிதாக எது வந்தாலும் நான்கு திருகையும் கழற்றி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த பிறகுதான் மாட்டுவார். கரண்டைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர் எத்தனை வோல்ட் தாங்கும், சால்டர் வைத்துப் பற்றவைத்தது சுத்தமா, ஒயர் மெலிசா என்று ஆயிரம் நோட்டம். திருகின் மேலிருக்கும் ஸ்டிக்கர் கிழிந்தால் கேரண்டி போய்விடுமே என்று வாடிக்கையாளர்கள் பதறுவார்கள். பெட்டிக்குக் கேரண்டி உண்டு, கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்ததற்கு எவன் தருவான் என்று அவர்கள் வாயை அடைத்துவிடுவார்.

இப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு பெட்டியைத்தான் திறக்காமல் மாட்டினார். அது சொந்த அக்காவுடையது.

அக்கா தையல் தொழிற்சாலைகளுக்குச் சட்டை, கவுன் வெட்டும் அளவுப் படங்கள் வரைந்து கொடுப்பவர். ஒன்பது வருட உழைப்பு அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. அக்காவுக்கு மூன்று வருட கேரண்டி முழுசாக இருக்கட்டும் என்ற பாசம் அவர் கண்ணை மறைத்தது. கையில் தூக்கிப் பார்த்தார், நல்ல கனம். கனமிருந்தால் சரக்கிருக்கும் என்று மாட்டிவிட்டார். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்று இரண்டு ஹார்ட் டிஸ்க் வேறு போட்டார். இரண்டுக்கும் கரண்ட் அதே பெட்டியிலிருந்துதான் போகிறது என்பது, பாவம், அந்தக் கெட்டிக்காரருக்கு உறைக்கவில்லை.

பதினான்காம் மாதம் ஒரு மத்தியானம் குபுக்கென்று புகை. இரண்டு டிஸ்க்கும், ஒன்பது வருட உழைப்போடு, சேர்ந்தே போய்விட்டன. போனில் அவர் முந்திக்கொண்டு, தெரு லைனில் கரண்ட் எகிறியிருக்கும் என்றார். அக்கா அப்படியே நம்பினார். தம்பி பார்த்துப் போட்டதால்தான் இத்தனை நாளாவது தாங்கியது என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டும் இருந்தார். பெட்டியை எடுக்கப் போன தம்பியின் காதிலேயே அது விழுந்தது.

கடையில் வைத்துத் திறந்தார். மூடியின் உள்பக்கம் ஓர் இரும்புப் பட்டையைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கனம் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. பெரிய கெபாசிட்டரின் உறையை உரித்தால் உள்ளே சுண்டுவிரல் அளவில் ஒரு குட்டிக் கெபாசிட்டர். கரண்ட் எகிறினால் தடுக்கும் பாகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைகள். இதைப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும்.

மூன்று நாள் தள்ளிப்போட்டார். நாலாம் நாள் எல்லாவற்றையும் அக்காவின் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

“கரண்ட் மேல தப்பில்லக்கா. நான் திறந்து பார்க்கல.”

அக்கா இரும்புப் பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“ஊர்ப் பெட்டியெல்லாம் திறக்கற. என்னோடத மட்டும் ஏன்டா திறக்கல?”

கேரண்டி போய்விடக் கூடாதென்றுதான் என்றார். சொல்லும்போது அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை. அக்கா திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த வாரம் போனபோது மேசைக்கடியில் கம்ப்யூட்டர் புதுப் பெட்டியோடு ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். அக்காவே திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“எதிர்த்தெரு கடைக்காரர் வந்து மாட்டிட்டுப் போனார். என் கண்ணு முன்னாடி திறந்து காட்டச் சொன்னேன்டா.”