நடு ராசாவாக நின்ற எங்கள் அண்ணை

எங்கள் அண்ணையை மண்ணுக்குக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. அவருடைய நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலரைத் தரும்போது, அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணையின் பிள்ளைகளான என் மருமக்கள் கேட்டுக்கொண்டார்கள். எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லும் சங்கதியில் பிழை இராது.

அண்ணை குருநகரில், கடலை நம்பியிருந்த குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் தகப்பன், அப்பு, காய்ச்சலில் போனபோது அண்ணைக்கு மீசை அரும்பவில்லை. அடுத்த கிழமையே அப்புவின் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தொழிலுக்கு இறங்கினார். எங்கள் அம்மாவையும் தங்கச்சிமாரான எங்களையும் அவர்தான் பார்த்தார். எனக்குக் கலியாணம் முடிந்த பிறகுதான் மச்சாளைக் கைப்பிடித்தார். இதெல்லாம் ஊர் அறிந்தது. நான் சொல்ல வந்தது அவருடைய கூத்தைப் பற்றி.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காக விளக்கமாகச் சொல்கிறேன். எங்கள் கோயில் வளவில் நடக்கும் கூத்து விடிய விடிய நடக்கும். கதை முழுக்கப் பாட்டு. ஒரே ஆள் விடியுமட்டும் ராசாவாக நின்று பாட முடியாது, தொண்டை தாங்காது. அதனால் ஒரு ராசாவுக்கு மூன்று பேர் ஆடுவார்கள். ஒருவர் உள்ளே போக, அதே போல் முடியும் உடுப்பும் போட்டுக்கொண்டு மற்றவர் வருவார்.

அண்ணை ஆடிய கூத்தின் கதை இது. கிறிஸ்து வேதத்தைக் கைவிட மறுத்த தன் தம்பியை ஒரு ராசா கப்பல் ஏற்றி நாடு கடத்துகிறார். முதல் ராசா கட்டளை போடுகிறவர். கடைசி ராசா, தம்பி இறந்த செய்தி கேட்டு மனம் திரும்பி உயிர் விடுகிறவர். நடு ராசாவுக்குக் கட்டளையும் இல்லை, சாவும் இல்லை. கப்பல் திரும்பி வருமோ என்று பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவருடைய கூத்து.

கூத்துப் பழக்கிய அண்ணாவியார் அந்த நடு ராசாவை அண்ணைக்குக் கொடுத்தார். அண்ணைக்கு முகம் வாடிப்போய்விட்டது.

"என்னடா, முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறாய்?" என்று அண்ணாவியார் கேட்டார். "முதல் ராசாவுக்கு எடுப்பிருந்தாக் காணும். கடைசி ராசாவுக்கு அழத் தெரிஞ்சாக் காணும். நடுவிலை நிக்கிறவனுக்குத்தான் பாட்டு வேணும். உனக்குப் பாட்டு இருக்கு. நில்."

அண்ணை நின்றார். அதற்குப் பிறகு வேறு வேடம் கேட்டதே இல்லை. அந்தப் பாட்டைத் தோணியில் போகும்போது பாடிப் பாடிப் பழகினார். அவர் பாடினால் தண்டு வலிக்கிறவர்கள் தங்கள் பேச்சை நிறுத்திவிடுவார்களாம்.

ஆனால் நடு ராசா வரும் நேரம்தான் சனம் எழும்பித் தேத்தண்ணிக் கடைக்குப் போகும் நேரம். பாயில் பிள்ளைகள் நித்திரையாகி விடுவார்கள். பெடியன்கள் அண்ணைக்குத் "தேத்தண்ணி ராசா" என்று பட்டம் வைத்தார்கள். "தேத்தண்ணி ராசா வந்திட்டார், எழும்புங்கோ கடைக்கு!" என்று முன்னால் இருந்தே கத்துவார்கள். அண்ணை கோபித்ததில்லை. "குடிச்சிட்டு ஆறுதலா வாங்கோ. நான் எங்கை போறது? கப்பல் இன்னும் வரேல்லையே," என்று மேடையிலிருந்தே சொல்லுவார். சிரித்துக்கொண்டு போவார்கள். சிரிக்காமல் இருந்து கேட்ட கிழவிமார் சிலர் இருந்தார்கள். அவர்கள் இன்று இல்லை.

ஒருமுறை பட்டணத்தில் இருந்து ஒரு விமர்சகர் ஐயா வந்து முன்வரிசையில் இருந்தார். அண்ணை அன்று பாடியது போல் ஒருநாளும் பாடவில்லை. பத்திரிகையில் அந்த ஐயா அரைப் பக்கம் எழுதியிருந்தார். முதல் ராசாவின் நடையை எழுதினார். கடைசி ராசாவாக ஆடிய சவரிமுத்து அண்ணையின் மரணக் கட்டத்தை உருகி உருகி எழுதினார். எங்கள் அண்ணையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அண்ணையின் மகள் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தாள்.

"அந்தாளும் தேத்தண்ணிக்குப் போயிருக்கும்," என்றார் அண்ணை.

பிறகு சண்டையால் இடப்பெயர்வு. ஊர் சிதறியது. அண்ணாவியார் வன்னியில் இறந்தார். பாட்டு எழுதிய அவருடைய ஏடும் அங்கேயே போயிற்று. நாங்கள் திரும்பி வந்து வீட்டுக்குக் கூரை போட்ட பிறகு, அண்ணாவியாரின் மகன் அருள் கூத்தைத் திரும்ப எடுத்தார். அதற்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது மண்டபத்தில் ஒன்றரை மணித்தியாலம்தான் தருகிறார்களாம். அதற்குள் ஒரு ராசாதான். நடு ராசாவைத் தூக்கிவிட்டார்கள்.

அண்ணை அருளின் வீட்டுக்கு நடந்து போனார். நானும் கூடப் போனேன்.

"தம்பி, நடு ராசாவின்ரை ஒரு பாட்டை மட்டும் உள்ளுக்கு விடு. ஆர் பாடினாலும் பரவாயில்லை, நான் சொல்லித் தாறன்."

"மாமா, நேரம் காணாது. அந்த இடத்திலை கதை ஓடாது, சும்மா நிக்கும்."

"நிக்கிறதுதானேடா அந்த இடம்."

"சனம் எழும்பிப் போயிடும் மாமா."

"எப்பவும் போனதுதானே!" என்றார் அண்ணை. அருள் சிரித்தார். ஆனால் விடவில்லை. பிற்பாட்டுக்காரரோடு பின்னால் நின்று பாடச் சொன்னார். போக வேண்டாம் என்று நான் சொன்னேன். "கூத்து நடக்கேக்கை வீட்டிலை இருக்க எனக்கு ஏலாது," என்று அண்ணை போய்ப் பின்னால் நின்றார், மற்றவர்களின் பாட்டுக்கு.

அந்தக் கூத்துக்கும் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. நடுவில் இருந்த இழுவைப் பகுதியை நீக்கியதால் கூத்து விறுவிறுப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். மகள் அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தினாள். அண்ணை, "மிச்சத்தையும் வாசி பிள்ளை," என்றார். வாசித்தாள். கேட்டுவிட்டு எழும்பி கிழிந்த வலையைப் பொத்தப் போனார். என் அண்ணை வாழ்ந்ததில் பாதி அந்த இழுவைப் பகுதிதான் என்று எழுதினவருக்கு எப்படித் தெரியும்?

பழைய பாட்டுக்களை ஒலிப்பதிவு செய்ய ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள். அண்ணை வேட்டி கட்டி, சேட்டுப் போட்டு, தேன் கரைத்த சுடுதண்ணி குடித்துவிட்டு இருந்தார். அவர்கள் சவரிமுத்து அண்ணையின் வீட்டில் பொழுதெல்லாம் மினக்கெட்டுவிட்டு, இன்னொரு முறை வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். வரவில்லை. பிறகு அண்ணையின் தொண்டையில் நோய் வந்தது. தொண்டையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். உயிர் சில காலம் இருந்தது, குரல் இல்லை. எழுதிக் காட்ட அவருக்கு எழுத்தும் தெரியாது. கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு கிடப்பார். எந்த இடம் என்று எனக்குத் தாளத்தில் தெரியும். பாட்டுத்தான் வராது. மச்சாளும் நானும் பக்கத்தில் இருக்க, செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார்.

கூத்துக்காரர் இறந்தால், பெட்டி மூட முன்னம் அவர் ஆடிய வேடத்தின் பாட்டைப் பாடி வழியனுப்புவது எங்கள் வழக்கம். அருள் தன் ஆட்களோடு மத்தளமும் சல்லாரித் தாளமும் கொண்டு வந்தார். தலைமாட்டில் நின்று நல்லாய்ப் பாடினார். வந்த சனமெல்லாம் அழுதது.

சவரிமுத்து அண்ணை என் பக்கத்துக் கதிரையில் தடியோடு இருந்தார். குனிந்து மெல்லக் கேட்டார்:

"தங்கச்சி, உது என்ரை பாட்டெல்லே?"

"ஓம் அண்ணை. இப்ப ஒரு ராசாதானே. பெடியளுக்கு உதுதான் தெரியும்."

"அப்ப அவன்ரை பாட்டு?"

"நீங்கள் பாடுங்கோவன் அண்ணை. கூட ஆடின நீங்கள்தானே மிச்சம்."

"அவன் பாடுற நேரம் நான் உள்ளுக்கை முடி கட்டி வேசம் போடுறது. ஒருநாளும் காது குடுத்துக் கேக்கேல்லைப் பிள்ளை," என்றார்.

நான் எழும்பித் தடுக்கவில்லை. தடுத்துவிட்டு எதைப் பாடச் சொல்வது? வேறொருவரின் பாட்டோடு எங்கள் அண்ணையின் பெட்டியை மூடினார்கள்.

அண்ணையின் நோயில் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், கடைசி நேரத்தில் அவஸ்தைப்பூசுதல் கொடுத்து அடக்கத் திருப்பலி ஒப்புக்கொடுத்த பங்குச் சுவாமிக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், கடல் கடந்து வந்தவர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன். பாடிய அருளுக்கும் அவருடைய ஆட்களுக்கும் நன்றி. அவர்கள் அன்போடுதான் பாடினார்கள்.

அண்ணையின் பாட்டில் எனக்கு முதல் இரண்டு அடிதான் பாடம். அண்ணையின் மகள் அதைக் கீழே அச்சில் போடச் சொல்லியிருக்கிறாள். போடுகிறோம்.

போன கப்பல் திரும்பவில்லை – எந்தன்
பொன் வாசற் கதவம் அடைக்கவில்லை

இதற்குப் பிறகு இன்னும் ஒன்பது அடி இருந்தது. மெட்டும் இருந்தது. மெட்டை அச்சில் போட முடியாதாம்.