கைக்கு முன் கால்

பிரின்ஸி முதலில் கேட்பது கையை அல்ல, காலை. குடவாசல் கடைத்தெருவில் மருந்துக்கடை மாடியில் இருக்கிறது அவருடைய ரத்தப் பரிசோதனைக் கூடம். யார் வந்தாலும் ஸ்டூலில் உட்காரவைப்பார். தரையில் குந்தி, மங்கலான டார்ச்சை அடித்து விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சேற்றுக்காலோடு வந்துவிட்டு நெளிகிறவர்களிடம், "பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்? சும்மா நீட்டுங்க" என்பார். ஊசி அதற்கப்புறம்தான்.

இந்தப் பழக்கம் ஒரு குழப்பத்தில் பிறந்தது. 2008இல் ஒரு மருத்துவக் கல்லூரியார் உடல் பருமன் பற்றிய ஆய்வுக்கு அவரை ரத்தம் எடுத்துத் தரச் சொன்னார்கள். வளைகுடாப் பணம் வந்ததும் வயலில் இறங்குவதை விட்டுப் பருத்தவர்கள் ஒரு பக்கம், ஒல்லியான நடவுப் பெண்கள் மறுபக்கம். உடம்புக்குள் அழற்சி இருந்தால் ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற புரதம் ஏறும். பருத்தவர்களுக்குத்தான் ஏறியிருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். நடவுப் பெண்களில் பலருக்கு அதைவிட ஏறியிருந்தது. கருவி கெட்டுவிட்டதென்று கல்லூரியில் முடிவுகட்டப் போனார்கள். பிரின்ஸிக்கோ நடவு மாதங்களில் அப்பா சவரியப்பனின் கால்கள் இருந்த இருப்பு நினைவுக்கு வந்தது. விரலிடுக்கெல்லாம் வெந்து, சீழ் கோத்து, பாதம் வீங்கிக் கிடக்கும். அந்தப் பெண்களைத் திரும்ப வரவழைத்துக் காலைப் பார்த்தார். சேற்றுப்புண். சி.ஆர்.பி. அளவை ஏற்றியது அதுதான்.

கொழுப்புக்கும் அழற்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான். "கொழுப்பு சும்மா படுத்துக் கெடக்காதுங்க. ஈரலுக்குச் சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். மாட்டுக் கொட்டாயில கொசுவுக்குப் போடற மூட்டம் மாதிரி. தீ தெரியாது, பொகை மட்டும் நிக்காது."

அவர் ஒரே ஒரு முறை காலைப் பார்க்காமல் விட்டார். அது ஹலீமாவின் காலை. ஹலீமாவின் கணவர் முகம்மது யூசுப்புக்கு மஸ்கட்டில் மளிகைக்கடையில் வேலை. ஹலீமாவுக்குத் தொண்ணூற்றாறு கிலோ எடை, பத்து வருடச் சர்க்கரை. காது வலி என்று போனாலும் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்புகிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் குறை. அன்று கூடத்தில் நல்ல கூட்டம். ஹலீமா காலுறையைக் கழற்ற மறுத்தார். "இத்தன ஆம்பளைங்க முன்னாடியா? விடு புள்ள."

பிரின்ஸி விட்டுவிட்டார்.

சி.ஆர்.பி. முப்பத்தெட்டு என்று வந்தது. மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு வழக்கம்போல எடையைச் சொன்னார். பிரின்ஸிக்கு அது ஒப்பவில்லை. வெறும் பருமன் போடும் மூட்டம் பத்தைத் தாண்டுவதே அபூர்வம். மறுநாள் மதியம் கூடத்தைப் பூட்டிவிட்டு ஹலீமாவின் வீட்டுக்குப் போனார். கதவைச் சாத்திக் காலுறையை உருவினார். வலது சுண்டுவிரலுக்கடியில் கறுத்த குழி, ஓரமெல்லாம் சீழ்.

"எப்பலேருந்துக்கா இது?"

"எது?" என்றார் ஹலீமா.

சர்க்கரை அந்தப் பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்றிருந்தது. அன்றே கார் பிடித்துத் திருவாரூருக்குக் கூட்டிப்போனார் பிரின்ஸி. இன்னும் பத்து நாள் போயிருந்தால் கணுக்காலோடு எடுத்திருக்க வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது.

ஆறிய பிறகு எடுத்த ரத்தத்தில் எண் ஆறுக்கு இறங்கியிருந்தது. பிரின்ஸி பூசி மெழுகவில்லை. மிச்சமிருக்கும் ஆறு கொழுப்பின் மூட்டம், அதையும் அணைத்தாக வேண்டும் என்றார். ஹலீமாவுக்கு இந்த முறை கோபம் வரவில்லை. இப்போது விடிந்ததும் வாய்க்கால் கரையோரம் நடக்கிறார். வழியில் பார்ப்பவர்களிடமெல்லாம், "இந்தக் காலு அல்லா குடுத்தது, அந்தப் பொண்ணு மீட்டுக் குடுத்தது" என்கிறார். மஸ்கட்டிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் யூசுப் பிரின்ஸியைத் தொலைபேசியில் அழைப்பார். என்ன பேசுவதென்று தெரியாமல், அங்கே வெயில் எப்படி என்று மட்டும் சொல்லிவிட்டு வைப்பார்.

போன வாரம், யூசுப் அனுப்பிய நீளமான புது டார்ச்சோடு ஹலீமா வந்தார். எட்டுப் பேர் காத்திருந்தார்கள். பிரின்ஸி வழக்கம்போல் குந்தப்போனார். ஹலீமா டார்ச்சைத் தரவில்லை.

"நாள் பூரா நிக்கிற காலு உன்னுது. நீ ஒக்காரு மொதல்ல."

பிரின்ஸி சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹலீமா சுவரைப் பிடித்து, முழங்கால் முனகத் தரையில் இறங்கினார். டார்ச்சைத் தட்டி, பிரின்ஸியின் வெடித்த பாதங்களின் விரலிடுக்கை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கத் தொடங்கினார்.