நாற்பத்து மூன்று நாய்கள்

பெருங்களத்தூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கும் கார் பட்டறையில் சவுரிமுத்துவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவர் மனைவி கிறிஸ்டினா "க்ளெய்ம் செக்‌ஷன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் விளக்கினால் வீட்டு மானம் போய்விடும். உள்ளதைச் சொன்னால், அடிபட்டு வரும் கார்களுக்கு எப்படி அடிபட்டது என்று கதை எழுதித் தருவதுதான் அவருடைய உத்தியோகம். பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்துவந்தார்.

எடுத்த எடுப்பில் கதை எழுத வந்தவர் இல்லை அவர். உதிரிபாக அறையில் போல்ட்டும் நட்டும் எண்ணிவைக்கத்தான் சேர்ந்தார். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று முதலாளி சத்யநாராயணன் அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து இன்சூரன்ஸ் படிவங்களை முன்னால் தள்ளினார். முதல் மாதமே ஒரு கல்லூரி வாத்தியார் வந்தார். வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த காரை யாரோ இடித்துவிட்டுப் போயிருந்தார்கள். யார், எப்போது என்று அவருக்குத் தெரியாது. சவுரிமுத்து அதை அப்படியே எழுதினார். கம்பெனியும் அதை அப்படியே திருப்பி அனுப்பியது. விபத்து நேர்ந்த விதம் தெளிவாக இல்லையாம். வாத்தியார் கண்ணாடி அறைக்கு வந்து, கம்பெனியைத் திட்ட வேண்டியதையெல்லாம் சவுரிமுத்துவைத் திட்டிவிட்டுப் போனார்.

படிவத்துக்கு ஒரு சாலை வேண்டும், ஒரு நேரம் வேண்டும், வண்டி போன வேகம் வேண்டும், மோதியதற்குக் காரணம் வேண்டும். 'தெரியாது' என்று எழுத அதில் இடமே கிடையாது. அடுத்த வாரம் அதே மாதிரி இன்னொரு கார் வந்தபோது சவுரிமுத்து பேனாவைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தார். ஒரு நாய் லாரிகளுக்கு நடுவே நிதானமாகக் கடந்துகொண்டிருந்தது. 'நாய் குறுக்கே வந்ததால் பிரேக் போட்டதில் வண்டி தடுப்புச் சுவரில் உரசிவிட்டது' என்று எழுதினார். ஒன்பதாம் நாள் பணம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து நாய்தான். பைக் குறுக்கே வந்தது என்று எழுதினால் ஓட்டியவனுக்கு அடிபட்டதா, போலீஸில் சொன்னீர்களா என்று கேட்பார்கள். மாடு என்றால் மாட்டுக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான். நாய்க்கு முகவரி இல்லை, வக்கீல் இல்லை, சாட்சி சொல்லக் கூப்பிட்டால் வராது. ஒரு வருடத்தில் நான்கு இடத்தில் வாங்கிய நான்கு கீறல்களை நான்கு விபத்தாக எழுதினால் வண்டிக்காரர் பங்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆயிரம் ரூபாய் கம்பெனியில் பிடிப்பார்கள். ஒரே நாய் நான்கையும் தன் தலையில் போட்டுக்கொள்ளும். அந்த நாயைக் கொல்ல மட்டும் அவருக்கு மனசு வந்ததில்லை. 'நாய் தப்பி ஓடிவிட்டது' என்று கடைசியில் ஒரு வரி மறக்காமல் சேர்த்துவிடுவார்.

"இன்னாண்ணா, இன்னிக்கு எத்தினி நாயி?" என்பான் பெயிண்டர் சாலமன், சாப்பாட்டு நேரத்தில்.

"ரெண்டு. ஒண்ணு இரும்புலியூர்ல, ஒண்ணு வண்டலூர்ல."

"பாத்துண்ணா, ப்ளூ கிராஸ்காரன் வந்துடப் போறான்."

சவுரிமுத்துவும் சிரித்துவிடுவார். ஊரப்பாக்கம் கோயிலில் மாதம் ஒரு முறை பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிற ஆள்தான். கோபம், எரிச்சல், ஜெபமாலை சொல்லாமல் தூங்கிப்போன ராத்திரிகள் எல்லாவற்றையும் ஒப்பிப்பார். நாய்கள் அந்தப் பட்டியலில் வந்ததில்லை. அது உத்தியோகம், பாவத்தில் சேராது என்று வைத்துக்கொண்டிருந்தார்.

அவரை வருத்தியது வேறு. கண்ணாடி அறைக்குள் வருகிறவர்கள் எல்லாரும் ஏதோ அவர்தான் கம்பெனியின் சேர்மன் என்பது போலக் கத்துவார்கள். அஸ்தினாபுரத்திலிருந்து வரும் உமேஷ் என்கிற சாஃப்ட்வேர்காரர், வருடாவருடம் புதுப்பிக்கிற நோட்டீஸைக் கொண்டுவந்து மேஜைமேல் போடுவார்.

"போன வருஷம் பதினொண்ணு. இந்த வருஷம் பதினாறாயிரம். கார் பழசாகுது, ப்ரீமியம் மட்டும் ஏறுது. என்ன கணக்கு சார் இது? கட்டின காசுல பாதியாவது எடுக்காம விடமாட்டேன். பின்னாடி கதவுல ஒரு கோடு இருக்கு பாருங்க, அதுக்கு ஒரு நாய் போடுங்க."

சவுரிமுத்து தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைப்பார். க்ளெய்ம் அதிகமாகிவிட்டது, அதனால்தான் ஏற்றினோம் என்று கம்பெனி சொல்லும். ஏற்றிவிட்டார்கள், அதனால்தான் க்ளெய்ம் போடுகிறோம் என்று உமேஷ்கள் சொல்வார்கள். நடுவில் நாய் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தச் சுற்று அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்து என்ன செய்வது என்று அடுத்த படிவத்தை எடுத்துவிடுவார்.

போன ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஞானாம்பாள் வந்தார். பொழிச்சலூர்க்காரர், டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அறுபத்து மூன்று வயது. பதினோரு வருடப் பழைய சின்னக் காரை முன்பக்கம் நசுங்கிய நிலையில் இழுத்துவந்து பட்டறையில் விட்டார்கள். கணவர் ராஜகோபாலனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் அவரைக் குரோம்பேட்டைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது அந்தக் கார்தான். ஓட்டுவது இந்த அம்மாள்தான். பிள்ளைகள் கிடையாது.

"பம்மல் தாண்டி நாய் குறுக்க வந்துடுச்சு. ஒடிச்சேன், போய் கம்பத்துல மோதிடுச்சு" என்றார்.

"சரிம்மா, நாய்தானே. நான் எழுதிக்கறேன்."

"சார், நீங்க எழுதிக்கற நாய் இல்லை. நிஜமாவே வந்தது."

சவுரிமுத்து பேனாவைக் கீழே வைத்தார். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட இப்படிச் சொன்னதில்லை. கூச்சத்தோடு விசாரிக்க ஆரம்பித்தார். கறுப்பு நாய், வலது காது கிழிந்திருந்தது, குப்பைத் தொட்டிப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தது, நடுச்சாலையில் நின்று வெளிச்சத்தைப் பார்த்தது. அம்மாள் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதினார். எழுதி முடித்ததும் அவருக்கே ஒரு சந்தோஷம் வந்தது. இருபத்திரண்டு வருடம் கார் ஓட்டி ஒரு முறைகூட ஞானாம்பாள் க்ளெய்ம் போட்டதில்லை. அதற்காகக் கம்பெனி கொடுக்கும் போனஸில் ப்ரீமியம் பாதி குறைந்திருந்தது. இவருக்கு ஒரு வாரத்தில் பணம் வந்துவிடும் என்று சவுரிமுத்து நினைத்தார். நாற்பத்தாறாயிரம் ஆகும் என்று பட்டறையில் மதிப்புப் போட்டிருந்தார்கள். பணம் வராமல் வேலையைத் தொடங்க வேண்டாம், கையில் அவ்வளவு இல்லை என்று அம்மாள் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் ஆனது, மூன்று வாரமும் ஆனது. 'பரிசீலனையில் உள்ளது' என்ற குறுஞ்செய்தி மட்டும் நாள் தவறாமல் வந்தது. ஞானாம்பாள் கம்பெனி நம்பருக்கு ஒன்பது தடவை பேசினார். ஒவ்வொரு தடவையும் பாட்டு ஓடி முடிந்து ஒரு புதுக்குரல் வரும், புதுப்பெயர் சொல்லும், முதலிலிருந்து கதை கேட்கும், நாற்பத்தெட்டு மணி நேரம் பொறுக்கச் சொல்லும். கிளை அலுவலகத்துக்குப் போனால் செயலியில் போடுங்கள் என்றார்கள். செயலி கிளை அலுவலகத்தை அணுகச் சொன்னது. இதற்கிடையில் ராஜகோபாலன் ஆட்டோவில் போய்வந்தார். டயாலிசிஸ் முடிந்து திரும்புகையில் அவருக்குத் தலை நிற்காது. ஒரு சனிக்கிழமை ஆட்டோவிலேயே வாந்தி எடுத்துவிட்டார். அந்த ஆட்டோக்காரர் அடுத்த முறை கூப்பிட்டபோது வரவில்லை.

"வேற ஆட்டோ பாத்துட்டேன்" என்றார் ஞானாம்பாள், போனில். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் சவுரிமுத்துவைச் சுட்டது.

நான்காவது வாரம் கம்பெனியிலிருந்து விசாரணைக்கு ஆள் வருவதாகத் தகவல் வந்தது. சத்யநாராயணன் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"சவுரி, என்ன கேட்டாலும் எல்லாம் நிஜம்னு சொல்லுங்க. ஒண்ணுல வுட்டுக்குடுத்தா எல்லாத்தையும் நோண்டுவாங்க. நம்மள லிஸ்ட்லேர்ந்து தூக்கிட்டா அந்தக் கம்பெனி வண்டி ஒண்ணுகூட இங்க வராது. இருபத்திரண்டு பேர் சாப்பாடு இது. அப்புறம் நானே நினைச்சாலும் உங்கள வெச்சுக்க முடியாது."

"சரிண்ணா" என்றார் சவுரிமுத்து. அப்போது அப்படித்தான் நினைத்திருந்தார். ஐம்பத்தாறு வயதில் இந்த மேஜையை விட்டால் வேறு எந்த மேஜை இருக்கிறது?

வந்தது சத்யபிரியா என்கிற பெண். முப்பது வயதிருக்கும். காபி வேண்டாம் என்றாள், அதட்டவில்லை, மடிக்கணினியைத் திறந்து ஒரு பட்டியலை அவர் பக்கம் திருப்பினாள்.

"சார், பதினாலு மாசத்துல உங்க பட்டறையிலேர்ந்து எங்களுக்கு வந்த க்ளெய்ம்ல நாப்பத்து மூணு நாய். நாப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ஒரு வண்டியும் போகலை. ஒரு நாய்கூட சாகலை. எல்லாமே தப்பி ஓடியிருக்கு."

சவுரிமுத்துவுக்குக் காது சூடானது. தான் எழுதியதையெல்லாம் ஒருத்தி உட்கார்ந்து ஒன்றுவிடாமல் படித்திருக்கிறாள் என்பதே அவருக்கு அதிர்ச்சியாக இருந்தது.

"எல்லாம் நிஜம்தாம்மா" என்றார்.

"சரி சார். எல்லாம் நிஜம்னு நீங்க எழுதிக் குடுத்தா நான் எடுத்துக்கறேன். ஆனா நான் ஒண்ணையும் நம்பலைன்னு எழுதித்தான் மேல அனுப்புவேன். பழசெல்லாம் பணம் குடுத்தாச்சு. பாக்கி நிக்கறது ஒண்ணே ஒண்ணு, பொழிச்சலூர் அம்மாவோடது. அதை மூடிடுவேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு மட்டும் ஆசையா சார்? எங்கம்மா காருக்கும்தான் ப்ரீமியம் ஏறிடுச்சு. அவங்களும் என்னைத்தான் திட்டறாங்க."

கண்ணாடிக்கு வெளியே சத்யநாராயணன் ஒரு வாடிக்கையாளரிடம் பேசுவது போல நின்றுகொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். சாலமன் ஒரு கதவுக்கு பிரைமர் அடித்துக்கொண்டிருந்தான். சவுரிமுத்து பட்டியலைப் பார்த்தார். ஒன்றைத் தவிர அத்தனையும் அவர் பெற்றவை. இத்தனை நாள் இவை யாருக்கும் கெடுதல் செய்ததில்லை என்று நம்பியிருந்தார். இந்த நாற்பத்திரண்டும் சேர்ந்து ஒரு கிழவியின் வாயை அடைத்துவிட்டன என்று இப்போது தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இதுல எது சார் நிஜம்?" என்று சத்யபிரியா மறுபடி கேட்டாள், மெதுவாக.

அவர் ஞானாம்பாளின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார்.

"அப்ப மீதி?"

"மீதியெல்லாம் நான் எழுதினதும்மா."

அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள். வழக்கமான அந்த அழகான கையெழுத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். வாடிக்கையாளர்கள்மேல் பழி வராதபடி, யோசனை தன்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதினார். அவள் போன பிறகு சத்யநாராயணன் உள்ளே வந்தார். கத்துவார் என்று சவுரிமுத்து எதிர்பார்த்தார். முதலாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு கிழவிக்காகவா சவுரி?" என்று மட்டும் கேட்டார். "நாளைலேர்ந்து வராதீங்க."

கிறிஸ்டினா முழு விவரமும் கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஆள் தேடுவதாகத் தன்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி சொன்னாள் என்று சொன்னாள். சவுரிமுத்து அங்கே சேர்ந்தார். ஆதார் திருத்தம், மின் இணைப்பு, முதியோர் பென்ஷன் என்று வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். கேட்டதை மட்டும் எழுதினார்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை, கடையில் கூட்டம் இருந்த நேரத்தில் ஞானாம்பாளின் போன் வந்தது.

"சவுரிமுத்து சார், பட்டறைக்குப் போன் பண்ணினா நீங்க லீவுன்னே சொல்றாங்களே, உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேம்மா. வண்டி வந்துடுச்சா?"

"அது வந்து பத்து நாள் ஆச்சு. நாப்பத்தாறுல அவங்க குடுத்தது பதினோராயிரம் சார். பழைய பார்ட்ஸுன்னு பாதியைக் கழிச்சாங்க, லைட்டு முன்னாடியே உடைஞ்சதுன்னு அதையும் அடிச்சுட்டாங்க. மீதிக்கு வளையலை வெச்சேன். போகட்டும்னா, நேத்து ரென்யூவல் நோட்டீஸ் வந்திருக்கு. போன வருஷம் ஏழாயிரம், இப்ப பன்னிரண்டாயிரம். ஒரு க்ளெய்ம் போட்டதால போனஸ் மொத்தமா போயிடுச்சாம். பழையபடி பாதிக்கு வர அஞ்சு வருஷம் ஆகுமாம். அதுவரைக்கும் நானோ அவரோ இருப்போமான்னே தெரியலை. அவங்க குடுத்ததை அவங்களே திருப்பி எடுத்துக்கறாங்க."

சவுரிமுத்து கடைக்கு வெளியே வந்து கூரை விளிம்பில் நின்றார். ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் அடங்கும்வரை ஞானாம்பாள் காத்திருந்தார்.

"பதினோராயிரம்தான்னு தெரிஞ்சப்பவே வேணாம்னு எழுதிக் குடுத்திருப்பேன் சார். போனஸாவது மிஞ்சியிருக்கும். எனக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க இத்தனை வருஷமா அங்க இருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்தக் க்ளெய்மே போட்டிருக்க வேண்டாம்."

அந்தக் க்ளெய்முக்காகத் தன் வேலை போனதைச் சொல்லிவிடலாம் என்று அவருக்கு வாய்வரை வந்தது. மறுமுனையில் ராஜகோபாலன் இருமுவது கேட்டது.

"சொல்லியிருக்கணும்மா" என்றார் சவுரிமுத்து. "தப்பு என்னோடதுதான்."