வீரகத்தியின் மூன்று பிளைவீல்கள்

கிளிநொச்சிச் சந்தியில் வாடகைக் கார் ஓட்டிய வீரகத்திக்கு 1963இல் ஓர் ஆசை பிடித்தது. வவுனியாவில் இளைஞர் கழகம் ஒன்று ஐப்பசியில் கார் ஓட்டப் போட்டி வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டார். அன்றே தன் மொறிஸ் மைனரின் எஞ்சினைக் கழற்றினார். கார்ப்பரேற்றர் இரண்டாயிற்று. சைலன்சர் போன இடம் தெரியவில்லை. இனி எஞ்சினுக்குப் பின்னால் சுழலும் அந்தக் கனத்த வட்டை, பிளைவீலை, இலேசாக்கினால் கார் பறக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

வார்ப்பிரும்புப் பிளைவீலைச் சாக்கில் கட்டிக்கொண்டு வவுனியாவில் இரும்பு கடையும் லேத் வைத்திருந்த மீராசாகிபு நானாவிடம் போனார்.

"நானா, இதைக் கடைஞ்சு பாதியாக்கித் தாங்கோ."

மீராசாகிபு அதைச் சுத்தியலால் தட்டி, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார்.

"தம்பி, வார்ப்பிரும்பு மெலிஞ்சால் வேகத்தில வெடிக்கும். வெடிச்சால் காரின்ர அடித்தகட்டைப் பிய்ச்சுக்கொண்டு வந்து உன்ர காலைத்தான் கேக்கும். உருக்கில செய்வம். பாரமும் குறையும், வெடிக்கவும் மாட்டுது. அலுமினியம் எண்டால் இன்னும் இலேசு. ஆனா…"

'ஆனா'வுக்குப் பிறகு அவர் கால் மணி நேரம் பேசினார். வீரகத்தியின் காதில் அதில் ஒரு சொல்லும் விழவில்லை. பழைய இரும்புக்கடையில் ஒரு விமான எஞ்சினின் உடைந்த அலுமினிய உறையைத் தேடிப்பிடித்து, அதை உருக்கி வட்டாக வார்ப்பித்துக்கொண்டு வந்தார். மீராசாகிபுவும் தலையில் அடித்துக்கொண்டு, கிளச்சு உரசும் முகத்துக்கு உருக்குத் தகடு பொருத்திக் கொடுத்தார்.

கார் பறந்தது, உண்மைதான். அக்சிலேற்றரில் பெருவிரல் பட்டாலே உறுமியது. மனைவி இரஞ்சிதம் ஒருதரம் ஏறிப்போய் இறங்கி, "இஞ்சேருங்கோ, இனி நான் பஸ்ஸிலயே போறன்" என்றாள்.

மெதுவாகப் போகத்தான் அந்தக் காருக்குத் தெரியவில்லை. அது அயலில் இருந்த தில்லைநாதனின் கலியாணத்தன்று ஊருக்கே தெரிந்தது. மேளக்காரர் முன்னே நடக்க, மாப்பிள்ளையோடு வீரகத்தியின் கார் பின்னே ஊர வேண்டும். கிளச்சை விட்டால் எஞ்சின் நின்றது. கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் கார் தவளைபோலப் பாய்ந்தது. மூன்றாம் பாய்ச்சலில் தவில்காரர் தவிலோடு வாய்க்காலுக்குள் இறங்கினார். மாப்பிள்ளையின் தலைப்பாகை மூக்குவரை வந்துவிட்டது.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. நான் நடந்தே வாறன்" என்று தில்லைநாதன் இறங்கிக்கொண்டான்.

வீரகத்திக்கு வெட்கம் தாங்கவில்லை. இரண்டு நாள் சந்திப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் மீராசாகிபுவின் முன்னால் போய் நின்றார்.

"நானா, அண்டைக்கு 'ஆனா' எண்டு தொடங்கினீங்கள்…"

"பாரம் இல்லாட்டி எஞ்சினுக்கு மெல்லச் சுத்தத் தெம்பில்லை எண்டுதான் சொன்னனான். இப்பவாவது கேக்குதோ?"

இந்த முறை உருக்கு. பழைய புல்டோசர் ஒன்றின் தடித்த தகட்டை வெட்டி, இரண்டு நாள் கடைந்து, மீராசாகிபு ஒரு வட்டு செய்தார். கார் விரைவாகவும் எழும்பியது, மாட்டுவண்டிக்குப் பின்னால் பொறுமையாகவும் நகர்ந்தது. ஆனால் போட்டிக்கு முதல் நாள் பிடித்த மழை ஐந்து நாள் விடவில்லை. ஓடுபாதை சேறாகிப் போட்டி நின்றுபோயிற்று. வீரகத்தி காருக்குள் ஏறியிருந்து, ஓடாத காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை காலை, தர்மபுரத்துச் சிவனேஸ்வரி ஸ்டேஷன் பக்கமிருந்து கைகளை விரித்தபடி ஓடிவந்தா.

"தம்பி வீரகத்தி! வெத்திலை வாங்க இறங்கினனான், கொழும்பு றெயில் வெளிக்கிட்டிட்டுது! மனுசன் உள்ள இருக்குது, ரிக்கற் ரெண்டும் என்ர கையில!"

"ஏறுங்கோ அக்கா!"

முறிகண்டி தாண்டும்போது றெயிலின் புகை தெரிந்தது. சிவனேஸ்வரி கண்ணை மூடிக்கொள்வா என்று வீரகத்தி நினைத்தார். அவாவோ முன்சீற்றைப் பிடித்துக்கொண்டு, "விடு தம்பி, விடு! இன்னும் விடு!" என்று கத்தினா. ஒரு வளைவு கழிந்து பார்த்தால் றெயிலின் எஞ்சின் டிரைவர் பக்கவாட்டில் தெரிந்தார். அவர் ஊதினார். வீரகத்தியும் ஹோர்னை அடித்தார். பிறகு கொஞ்ச நேரம் எந்தச் சத்தம் எதனுடையது என்றே தெரியவில்லை.

மாங்குளத்தில் றெயில் வந்து நின்றபோது சிவனேஸ்வரி மேடையில் தயாராக நின்றா. கணவர் பரமலிங்கம் யன்னலோரம் நித்திரையிலிருந்து விழித்து, மனைவியைக் கண்டார்.

"இன்னும் வெளிக்கிடேல்லையே இந்த றெயில்? எவ்வளவு நேரமாக் கிளிநொச்சியில நிக்குது!"

சிவனேஸ்வரி ஏறி, அவருக்கு எதிரே அமர்ந்தா. வெளியே நின்ற வீரகத்தியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

வீரகத்தி அங்கிருந்து நேரே வவுனியாவுக்குப் போய் மீராசாகிபுவிடம் எல்லாவற்றையும் சொன்னார். லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்ட அந்த மனிதர், முழுவதையும் இன்னொருமுறை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.