பூவோடு உள்ளே வராதீர்கள்

என் மனைவிக்குப் பூ என்றால் பைத்தியம் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். கம்பத்தில் நான் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்துக் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் என்னிடம்தான் வரும். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பும்போது காய்கறியை மறந்தால் மன்னிப்பு உண்டு. பால் பாக்கெட்டை மறந்தால் கடுங்காப்பியோடு முடித்துக்கொள்வாள். பூவை மறந்த அன்றைக்கு மட்டும் வீட்டில் சத்தமே இருக்காது. சோற்றுத்தட்டு என் முன்னால் வந்து உட்காரும், அவள் உட்காரமாட்டாள்.

பூவும் கண்ட கடையில் வாங்கக்கூடாது. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பூக்கட்டும் அக்காவிடம்தான் வாங்கவேண்டும். அந்த அக்காவுக்குக் கை நீளம். நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன். ஆள் நெட்டை, அதனால் அவர் அளக்கும் முழமும் நெட்டை. இதைக் கண்டுபிடித்தது என் மனைவிதான். இத்தனை வருஷம் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிய கை, எனக்கு அளவு தெரியாதா என்று கேட்டால், கம்பிக்கு வேற கணக்கு, பூவுக்கு வேற கணக்கு என்பாள்.

விசேஷ நாள் வந்தால் அந்த முழமும் போதாது. பைக்கில் ஏறி சீலையம்பட்டி பூ மார்க்கெட்டுக்குப் போகவேண்டும். குவித்துவைத்த மல்லிகைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பாள். வாங்குவது என்னவோ ஒரு பை. வியாபாரிகள் திட்டமாட்டார்கள், எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். கடையில் காலியான வார்னிஷ் டின்னெல்லாம் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டன. செவ்வந்தி, ரோஜா, ஜாதிமல்லி என்று ஆளுக்கொரு டின். கோடையில் குமுளியில் மலர்க் கண்காட்சி போட்டால் தவறாமல் கூட்டிப் போகவேண்டும். திரும்பிவரும்போது அவள் கைப்பையில் ஏதாவது ஒரு கொப்பு ஒடிந்து கிடக்கும். கேட்டுவாங்கி நட்டால் செடி பிடிக்காது என்பது அவளுடைய விவசாயம்.

பிறகு அவளுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. மதுரையில் ஆஸ்பத்திரி. மருந்து ஏற ஏற முடி கொட்டியது. அதற்கு அவள் அழவில்லை, நான்தான் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வெள்ளை அணு குறைந்துவிட்டது, சின்னக் கிருமி வந்தாலும் உடம்பு தாங்காது, மண்தொட்டி, செடி, பூ எதுவும் அவர் இருக்கிற வீட்டுக்குள் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். சரி சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள் எழுந்து வரும்போது திரும்பி, மல்லிகைப் பூ கூடவா என்று கேட்டாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். பதில் சொல்லச் சங்கடப்பட்டு, ஆமாம்மா என்றார்.

டின்களையெல்லாம் எதிர்த்த பாய் வீட்டு மாடிக்குக் கொண்டுபோய் வைத்தேன். அந்த வீட்டம்மா எங்கள் சன்னலுக்கு நேராக வரிசையாக அடுக்கிவைத்தார். இவள் கட்டிலில் இருந்தபடியே பார்ப்பாள். மஞ்சள் செவ்வந்தி வாடுது, தண்ணி ஊத்தச் சொல்லுங்க என்பாள். நான் தெருவில் நின்று மேலே பார்த்துக் கத்துவேன்.

பூக்கார அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, இனிமேல் பூ வேண்டாம் என்றேன். அவர் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார்.

"அப்படிச் சொல்லாதீக அண்ணே. பூவ யாராச்சும் வேணாம்பாகளா? நாளைக்கு வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டுப் போங்க" என்றார்.

அன்றிலிருந்து தினமும் அந்த வழியாகப் போகும்போது நாளைக்கு வாங்கிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். அவரும் சரிண்ணே என்பார். பக்கத்தில் நிற்பவர்கள் நான் ஏதோ கடன்காரன் என்று நினைத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரி சொன்னதில் பெரிய கஷ்டம் வாசலில்தான் வந்தது. நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிற பெண்கள் தலை நிறையப் பூவோடுதான் வருவார்கள். பூவை எடுத்துவிட்டு உள்ளே வாருங்கள் என்று நான் வாசலில் நின்று சொல்லவேண்டும். வீட்டுக்கு வந்த சுமங்கலிக்குப் பூக் கொடுத்து அனுப்புவதுதான் முறை. தலையிலிருக்கிற பூவை எடுக்கச் சொல்கிற வீடு எங்கே இருக்கிறது? சிலர் புரிந்துகொண்டார்கள். எதிர்வீட்டம்மா சொல்லாமலே பூவைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். சிலர் முகம் கறுத்தது.

உத்தமபாளையத்திலிருந்து என் அக்கா வந்தாள். என் மனைவிக்கு அவள் நாத்தனார் மட்டுமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்குத் தலைபின்னிப் பூ வைத்துவிட்டதே அக்காதான். கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தாள், கொண்டையைச் சுற்றிப் பூ. நான் வாசலை மறித்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஏலே, ஒங்க மாமாவுக்கு இப்பத்தான் நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. என்னையப் போயி பூவ எடுக்கச் சொல்றியே" என்றாள்.

கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள். மாமா இன்னும் மாடிப்படி ஏற ஆரம்பிக்காத நேரம் அது. நான் டாக்டர், வெள்ளை அணு என்று ஏதேதோ சொன்னேன். அக்கா பழப்பையைப் படியில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே வந்தால் இவள் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். மதினி குரல் கேட்டுச்சே என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாள் என்றேன். எனக்குப் பொய் வராது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"எனக்குப் பூ வேணாம், சரி. ஆளும் வேணாம்னா எப்படிங்க?" என்றாள்.

நான் அக்காவுக்குப் போன் போட்டேன். போனில் தினமும் பேசினாள், சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்டாள். வா என்றால் மட்டும் பேச்சை மாற்றினாள். மனைவியிடம் போனைக் கொடுத்தால் இரண்டு பேரும் புளிக்குழம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் வரும். யார் மேல் கோபப்படுவது? ஒருத்தி புருஷன் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், நான் பெண்டாட்டி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கோடையில் ரத்தப் பரிசோதனை கொஞ்சம் தேறி வந்தது. குமுளியில் கண்காட்சி போட்டிருக்காகளாம் என்றாள். டாக்டரைக் கேட்டேன். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, முகமூடி போட்டுக்கொண்டு, எதையும் தொடாமல் தூர நின்று பார்த்துவிட்டு வரலாம் என்றார். திறந்தவுடன் போய்விட்டோம். டேலியா, பிகோனியா, கிளாடியோலஸ் என்று பெயர்ப்பலகை வைத்து அடுக்கியிருந்தார்கள். கம்பளிக் குல்லாயும் முகமூடியுமாகக் கண் மட்டும் தெரிய, கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நடந்தாள். கடைசி வரிசை வந்ததும் என்னைப் பார்த்து, "எல்லாம் வாசமில்லாத பூவாப் பாத்து வச்சிருக்காக. முகமூடி போட்டதுல நட்டமில்ல" என்றாள்.

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள் போல, கண் சுருங்கியது. கண்காட்சி வாசலில் ஒரு பெண் மல்லிகைச் சரம் விற்றுக்கொண்டிருந்தார். இவள் பார்க்காமல் போவதற்குப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். மலைப்பாதையில் வாடகைக் கார் இறங்கும்போது, நம்ம வீட்டுக்கு எப்பப் பூ வரும் என்று கேட்டாள். நாளைக்கு வாங்கிட்டு வர்றேன் என்றேன். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்த வளைவுகளில் நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றது.

மழை தொடங்கியபோது காய்ச்சல் வந்தது. மதுரையில் போய்ச் சேர்த்தோம். பிறகு ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அதற்கப்புறம் பூ வந்தது. எத்தனை பூ! தெருவிலுள்ள பெண்களெல்லாம் சரம் சரமாகக் கொண்டுவந்தார்கள். குல்லாயை எடுத்துவிட்டு, தலையைச் சுற்றி ஒரு இடம் விடாமல் மல்லிகையால் மூடினார்கள். கழுத்தில், கையில், கால்மாட்டில் பூ. வீடெல்லாம் வாசம். பூவும் பொட்டுமாப் போறா, குடுத்து வச்ச மகராசி என்று ஒரு அம்மா சொல்ல, மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து அவர்களையெல்லாம் வெளியே தள்ளிவிடலாமா என்று இருந்தது. என்ன கொடுத்துவைத்தாள் அவள்? ஒரு கிள்ளுப் பூவுக்கு ஏங்கிக்கொண்டு கிடந்தவள். சுவரோடு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது உத்தமபாளையத்திலிருந்து கார் வந்து நின்றது. அக்கா இறங்கினாள், பின்னாலேயே மாமாவும் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அக்கா அழுதுகொண்டே ஓடிவந்தவள் வாசற்படியில் காலை வைத்ததும் அப்படியே நின்றாள். மாமாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், கொண்டையிலிருந்த பூவைப் பிய்த்து எடுக்கத் தொடங்கினாள். ஊசி சிக்கிக்கொண்டது. முடியோடு சேர்த்து இழுத்தாள்.

நான் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்தேன்.

"இருக்கட்டும்க்கா. பூவோடயே உள்ள வா. இனி அவள ஒண்ணும் செய்யாது."